பொட்டு வைத்தவருக்குக் காய்ச்சல் வராது

இந்தக் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்ப முடியவில்லை. விலங்குகள் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி நடத்தின என்பதில் சந்தேகம் எழவில்லை. மனிதர்கள் நடத்துவதைப் பார்த்த பிறகு அது ஒன்றும் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் கதையில் எங்கோ ஓர் இடம் இடித்தது. எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை. சொன்னது ஒரு முள்ளம்பன்றி. அது சொன்னபடியே இங்கே இருக்கிறது.

மருத மரங்கள் அடர்ந்த ஓர் ஆற்றங்கரையில் அந்த ஆஸ்பத்திரி இருந்தது. பெரிய டாக்டர் ஒரு கரடி. எந்த நோய்க்கும் அவர் தேன்தான் எழுதிக் கொடுப்பார். தேன் நல்ல தேன்தானா என்று முதலில் பாதியைக் குடித்துப் பார்த்துவிட்டு மீதியை நோயாளிக்குத் தருவார். மேனேஜர் ஒரு நரி. ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறது என்று சிங்க ராஜாவுக்குச் சொல்வது அவர் வேலை. இந்த இரண்டு வேலையும் போக மிச்சமிருந்த சில்லறை வேலைகளை நர்சுகள் பார்த்துக்கொண்டார்கள். காயம் கழுவுவது, மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி உட்கார வைப்பது, சாகாமல் காப்பாற்றுவது, இப்படி.

நர்சுகளில் பேர் போனவள் செங்கமலம் என்ற கீரி. நெஞ்சு வார்டு அவள் பொறுப்பு. சளி கட்டியவர்கள், ஆற்றில் விழுந்து தண்ணீர் குடித்தவர்கள், மூச்சு வாங்கும் கிழங்கள் எல்லாரும் அங்கேதான் படுத்திருப்பார்கள். வழியில் பாம்பு மறித்தால் அதை முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நேரத்துக்கு வார்டில் நிற்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் லீவு போட்டதே இல்லை.

லீவு போடாமலிருப்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் பெரிய புண்ணியம். மழைக்காலம் முடிந்ததும் விழா நடக்கும். வருடம் முழுதும் லீவு கேட்காத நர்சை ராஜாவின் பக்கத்தில் உட்கார வைத்து மருதம்பூ மாலை போடுவார்கள். கால் ஒடிந்தபோது மூன்று காலில் வந்தவளுக்கு ஒரு முறை மாலை விழுந்தது. மதிய இடைவேளையில் குட்டி போட்டுவிட்டு சாயங்கால வேலைக்குத் திரும்பியவளுக்கு இன்னொரு முறை. காய்ச்சலோடு வந்து, நடுங்குகிற கையால் மருந்து ஊற்றுபவளைப் பார்த்தால் கரடி டாக்டருக்குக் கண் கலங்கிவிடும். இவளல்லவா நர்ஸ் என்பார். அவள் நோயாளியின் முகத்தில் தும்மும்போதும் அதைத்தான் சொல்வார்.

ஒவ்வொரு மழைக்கும் அந்தக் காட்டில் ஒரு சளிக்காய்ச்சல் வரும். திடகாத்திரமானவர்களுக்கு வந்தால் நாலைந்து நாள் மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், போய்விடும். ஆனால் நெஞ்சு வார்டுக்குள் அது நுழைந்தால் கதை வேறு. ஒரு வருடம் அப்படித்தான் நுழைந்தது. மழை விடும்போது வார்டில் படுக்கைத் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. நோயாளிகள் போதிய ஒத்துழைப்புத் தரவில்லை என்று கரடி டாக்டர் வருத்தப்பட்டார்.

செய்தி சிங்க ராஜாவின் காதுக்குப் போயிற்று. காய்ச்சலை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோனது யார் என்று அவர் கேட்டார். படுத்திருப்பவர்கள் எழுந்து வெளியே போகவில்லை. வெளியே போய் வருகிறவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் உத்தரவு வந்தது. காட்டுக்கோழிகள் முட்டைக்குள் பக்குவம் செய்த தடுப்பு மருந்து பானை பானையாக வந்து இறங்கியது. ஊசிக்குப் பஞ்சமில்லை, முள்ளம்பன்றி இருந்தது. ஆஸ்பத்திரியின் கோடியில் ஒரு குடிசையில் அதை உட்கார வைத்தார்கள். நர்சுகள் எல்லாரும் கட்டாயம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டவர் நெற்றியில் மஞ்சள் பொட்டு வைக்கப்படும். போடாதவர் மழை முடியும்வரை மூக்கையும் வாயையும் மூடி இலை கட்டிக்கொண்டுதான் வார்டுக்குள் போக வேண்டும்.

அன்றைக்கே நர்சுகள் ஆற்று மணலில் கூட்டம் போட்டார்கள். அவர்கள் சங்கத்துக்குத் தலைவி மங்களம் என்ற மந்தி. பேச ஆரம்பித்தால் கிளைக்குக் கிளை தாவுவாள், விஷயத்திலும் அப்படியே.

மருந்து முட்டையில் செய்தது, ஆகவே போட்டுக்கொள்பவர் முட்டை இட ஆரம்பிப்பார் என்று மங்களம் விளக்கினாள். அவளுக்குத் தெரிந்த இன்னொரு காட்டில் ஒரு குரங்கு இப்படித்தான் மரத்தில் அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். நேரில் பார்த்தாயா என்று யாரோ கேட்டார்கள். நேரில் பார்த்தவரை நேரில் பார்த்தவளாம் அவள். நர்ஸ் வேலை பார்த்த புள்ளிமான் எழுந்து, எங்கள் வம்சமே சைவம், முட்டை வாடை பட்ட மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கண்ணீர் விட்டாள்.

செங்கமலம் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பயம் இல்லை. பாம்புப் பல்லுக்கே பயப்படாதவள் முள்ளுக்கா பயப்படுவாள். அவளுக்கு இருந்தது கோபம். எத்தனை உயிருக்கு ஊசி போட்ட கை இது, இந்தக் கைக்கு உத்தரவா என்ற கோபம். தவிர, நர்சுகளுக்குள் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. நாள் முழுதும் மருந்தைத் தொட்டுத் தொட்டு அது தங்கள் கை வழியாகத் தங்களுக்குள்ளேயே ஊறியிருக்கும் என்பது. மீன் கழுவுகிறவள் கையில் மீன் வாடை ஏறவில்லையா, அது போல என்பார்கள். வாடை ஏறினால் மீனாகிவிட முடியுமா என்று யாரும் கேட்டதில்லை. செங்கமலமும் கேட்டுக்கொண்டதில்லை.

ஆனால் அவள் ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். "உத்தரவு ஏன் நமக்கு மட்டும்? டாக்டர் வார்டுக்குள்ள வர்றதில்லையா? மேனேஜர் வர்றதில்லையா?"

கூட்டமே எழுந்து அந்தக் கேள்வியோடு போயிற்று. தன் தோல் தடிப்பானது, காய்ச்சல் உள்ளே நுழையப் பார்த்து நுழைய முடியாமல் திரும்பிப் போய்விடும் என்றார் கரடி டாக்டர். தான் நோயாளிகளைத் தொடுவதே இல்லை என்றும், உத்தரவுகளை மட்டுமே தொடுவதாகவும் நரி மேனேஜர் சொன்னார். அது உண்மையும்கூட.

அவர்கள் போட்டுக்கொண்டால் நாங்களும் போட்டுக்கொள்கிறோம் என்று நர்சுகள் முடிவு செய்தார்கள். நர்சுகள் முதலில் போட்டுக்கொள்ளட்டும், பிறகு யோசிக்கலாம் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். செங்கமலத்தின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அவள் பதில் தேடியிருக்கலாம். அதைவிட அது நல்ல சாக்காக இருந்ததால் சாக்காகவே வைத்துக்கொண்டாள்.

முள்ளம்பன்றி குடிசையில் தனியாக உட்கார்ந்திருந்தது. பானைகளைச் சுற்றி எறும்புகள் நோட்டம் பார்க்க ஆரம்பித்தன.

மழை இறங்குவதற்குச் சற்று முன்னால், ராஜா பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. நரி மேனேஜர் மங்களத்தைத் தனியாக அழைத்தார். இருவரும் நாவல் மரத்தடியில் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. ஜென்ம விரோதிகள் சம்பந்தி ஆனதைப் போலத் தோளோடு தோள் உரச வந்தார்கள்.

நரி நர்சுகளிடம் சொன்னார், "ராஜா பார்க்கப் போறது நெத்தியைத்தான். தோளை இல்லை."

அவ்வளவுதான். மறுநாள் காலை ஆற்றங்கரையிலிருந்து மஞ்சள் களிமண் எடுத்து வந்து குழைத்தார்கள். நர்சுகள் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டினார்கள். ஊசி வேண்டாம் என்றவர்களுக்கு ஊசி இல்லை. பொட்டு வேண்டும் என்றவருக்குப் பொட்டு ஆயிற்று. சங்கத்துக்கு வெற்றி, நிர்வாகத்துக்கும் வெற்றி. ஒரே சண்டையில் இரண்டு பக்கமும் ஜெயித்த அதிசயம் அந்தக் காட்டில்தான் நடந்தது. கரடி டாக்டரும் ஆசைப்பட்டு ஒன்று வைத்துக்கொண்டார். தனக்கு அது எடுப்பாக இருக்கிறதா என்று ஆற்றில் பார்த்துக்கொண்டார்.

பொட்டு வைத்தவர் இலை கட்ட வேண்டியதில்லை அல்லவா? கட்டுவதற்காக வெட்டி வைத்திருந்த இலைக் கட்டுகள் சும்மா கிடந்தன. புள்ளிமான் அவற்றைத் தின்று தீர்த்தாள். அவை சுத்த சைவம்.

செங்கமலமும் வரிசையில் நின்றாள். ஈரக் களிமண் நெற்றியில் பட்டபோது குளிர்ச்சியாக இருந்தது. ஒரு நொடி குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முள்ளம்பன்றி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராஜா வந்தார், பார்த்தார், பூரித்துப் போனார். ஒரு நெற்றிகூட விடுபடவில்லை என்று மற்ற காடுகளுக்கெல்லாம் பறையறையச் சொன்னார். தடுப்பு மருந்தை எறும்புகள் தின்று முடித்தன. அந்த மழைக்கு எறும்புகளின் ஆரோக்கியம் மிகச் சிறப்பாக இருந்தது.

அந்தப் பறையைக் கேட்டுத்தான் நீலவேணி வந்தாள். நீர்நாய். வாயில் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள். குட்டியின் பெயர் குமிழி. புதுவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியிருந்தது. நெஞ்சில் தண்ணீர் கட்டி, மூச்சு விடும்போது உள்ளே சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டது.

நீலவேணி குட்டியைக் கைக்கு மாற்றிக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். போன மழைக்கு இதே வார்டில் மூத்த குட்டியைச் சேர்த்திருந்தாள். முள் குத்திய காலோடு வந்த குட்டி அது, வேறு படுக்கை இல்லாமல் இங்கே போட்டிருந்தார்கள். கால் ஆறிவிட்டது. காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று.

"இனிமே இந்தப் பக்கம் காலே வைக்கிறதில்லைன்னு இருந்தேன், சிஸ்டர்," என்றாள். "இப்ப எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்." சொல்லிக்கொண்டே செங்கமலத்தின் நெற்றியைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் குட்டியை நீட்டினாள்.

செங்கமலம் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னது, "நான் பார்த்துக்கறேம்மா," என்று மட்டும்தான். மீதியை நெற்றி சொல்லிவிட்டது.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். குட்டியைத் தன் மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டித் தட்டித் தண்ணீரை எடுத்தாள். நண்டுச் சாறு வைத்து மெல்ல மெல்லப் புகட்டினாள். மூச்சு இரைக்கும்போது நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இரைப்பு அடங்கும்வரை அப்படியே இருப்பாள். குட்டியின் நெஞ்சுச் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. சத்தம் குறையக் குறைய வாய் கூடியது.

"சிஸ்டர், நீங்க முங்குவீங்களா?"

"எனக்குத் தண்ணி ஆகாது."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முங்கலாமே."

"கீரிக்கு எதுக்குடா முங்கல்? பாம்பு கரையிலதான் இருக்கு."

"பாவம் நீங்க," என்றது குமிழி. உண்மையிலேயே வருத்தப்பட்டது. மருத மரத்து வேருக்கு அடியில் ஒரு பெரிய குடைவு இருக்கிறதாம். அங்கே வரைக்கும் ஒரே மூச்சில் முங்கிப் போகும் நீர்நாயைத்தான் மற்ற நீர்நாய்கள் பெரியவன் என்று ஒப்புக்கொள்ளுமாம். உடம்பு சரியானதும் முதல் வேலை அதுதான் என்று குமிழி சொல்லி வைத்திருந்தது. செங்கமலம் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டது.

இதற்குள் மழை வலுத்துவிட்டது. ஒரு காலை செங்கமலம் எழுந்தபோது எலும்புக்குள் யாரோ கல்லை வைத்து அரைப்பது போலிருந்தது. கண் எரிந்தது. அடுக்குத் தும்மல். எத்தனையோ பேருக்குப் பார்த்தவளுக்கு அது என்ன என்று தெரியாமலா போகும்?

அவள் வார்டுக்குப் போகவில்லை. நேராக மேனேஜரிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, லீவு கேட்டாள். நெஞ்சு வார்டுக்குள் இந்த உடம்போடு போகக் கூடாது என்றாள்.

நரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உடம்புக்கு என்ன சிஸ்டர்?"

"காய்ச்சல். சளிக்காய்ச்சல்."

"உங்க நெத்தியில என்ன இருக்கு?"

அவள் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொட்டு வச்சவங்களுக்குக் காய்ச்சல் வராது," நரி மிகப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "வராதுன்னு ராஜாவே பறையறைஞ்சிருக்கார். ஆக, உங்களுக்கு வந்திருக்கிறது காய்ச்சல் இல்லை. தும்மல். தும்மலுக்கு இங்கே லீவு கிடையாது."

தன் நெற்றியில் இருப்பது என்ன மண் என்று செங்கமலத்துக்கும் தெரியும், அதைக் குழைத்தவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு நொடி போதும். நரி அந்த நொடியை விட்டு வைக்கவில்லை. இந்த வருட மாலை அவளுக்குத்தான் என்று பேச்சு இருப்பதை நினைவுபடுத்தினார். குரலைத் தாழ்த்தி, "போய் வேலையைப் பாருங்க. உங்களை விட்டா அந்த வார்டுக்கு யாரு இருக்கா?" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை வீழ்த்தியது. தன்னை விட்டால் ஆளில்லை என்பதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

வெளியே வந்தவள் ஒரு தேக்கிலையைப் பறித்தாள். இலையையாவது கட்டிக்கொண்டு போகலாம் என்று. மரத்திலிருந்து தொப்பென்று குதித்தாள் மங்களம்.

"உனக்குப் பைத்தியமா? ஒருத்தி இலை கட்டினா எல்லார் நெத்தியையும் சுரண்டிப் பார்ப்பாங்க. நம்ம ஒற்றுமை என்ன ஆகிறது?"

குட்டிக்கு நெஞ்சு இப்போதுதான் தேறிவருகிறது என்று செங்கமலம் சொல்லிப் பார்த்தாள். உன் கையிலேயே மருந்து ஊறியிருக்கும்போது குட்டிக்கு என்ன வந்துவிடும் என்று மங்களம் கேட்டாள். கேட்டுக்கொண்டே இலையை வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

நிர்வாகமும் சங்கமும் இவ்வளவு ஒத்துப்போய் அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் கண்டதில்லை.

செங்கமலம் வார்டு வாசலில் நின்றாள். உள்ளே குமிழி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. முகத்தைத் திருப்பி ஒரு தும்மல் தும்மினாள். மூக்கைத் துடைத்தாள். உள்ளே போனாள்.

இரண்டு நாளில் குமிழிக்கு உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. ஆறிவந்த நெஞ்சில் பழைய சரளைக்கல் சத்தம் திரும்ப வந்தது. இந்த முறை கல் பெரிதாக இருந்தது. கரடி டாக்டர் தேன் எழுதினார். குட்டி மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடியது. பேச்சு நின்றுபோயிற்று. நீலவேணி குட்டியின் ஒரு பக்கம், செங்கமலம் ஒரு பக்கம். இருவரும் மாற்றி மாற்றி அதை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். "நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும், சிஸ்டர்," என்று நீலவேணி சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஒவ்வொரு முறை அவள் சொல்லும்போதும் செங்கமலம் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

குமிழி சாகவில்லை. மழை ஓயும்போது கண் திறந்தது. நடந்தது. தின்றது. ஆனால் ஆற்றில் இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் மூச்சு அறுந்து, இருமி இருமி, நீல நிறமாகிக் கரையில் வந்து விழுந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. நெஞ்சு பாதி கெட்டுவிட்டது, இனி முங்கக் கூடாது என்று கரடி டாக்டர் சொன்னார். மற்றபடி குட்டி பூரண குணம் என்று அறிவித்தார். முங்க முடியாத நீர்நாய், கரையில் உட்கார்ந்து மற்றக் குட்டிகள் முங்குவதைப் பார்க்க ஆரம்பித்தது.

வார்டுக்குள் காய்ச்சல் எப்படி வந்தது என்று விசாரிக்கக் குழு போட்டார்கள். கரடி, நரி, மந்தி மூவரும் குழு. நன்றாக விசாரித்தார்கள். நர்சுகள் நெற்றியில் பொட்டு இருந்தது. டாக்டர் நெற்றியில் பொட்டு இருந்தது. வார்டுக்குள் பொட்டில்லாமல் நடமாடியது ஒரே ஒரு ஆள்தான். ஆகவே காய்ச்சலைக் கொண்டுவந்தது குட்டியின் தாய் என்று ஒருமனதாக முடிவாயிற்று. இனிமேல் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று புது உத்தரவு எழுதினார்கள்.

அந்த முடிவை நீலவேணிக்குச் சொல்லி வரும்படி செங்கமலத்தை அனுப்பினார்கள்.

நீலவேணி கரையில் குட்டியோடு உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் பக்கத்தில் போய் நின்றாள். கொண்டுவந்த முடிவைச் சொல்லவில்லை. தண்ணீர் ஆகாதவள், பின்னங்கால் நனைய ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி நெற்றியில் அடித்துக் கழுவினாள். மஞ்சள் கரைந்து ஓடியது.

"இது மண்ணும்மா," என்றாள். "நான் ஊசி போட்டுக்கலை. இங்கே யாருமே போட்டுக்கலை. காய்ச்சலோடதான் குட்டியைத் தூக்கினேன். எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் தூக்கினேன்."

நீலவேணி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திட்டுவாள், கடித்துக் குதறுவாள் என்று செங்கமலம் காத்திருந்தாள். அதுவாவது கிடைத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஊசி போட்டுக்கிட்டா மட்டும் காய்ச்சல் வராமலே இருந்திருக்குமா, எனக்குத் தெரியாது, சிஸ்டர்," என்றாள் நீலவேணி கடைசியில். "போட்டுக்கலைன்னு அன்னிக்கு வாசல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, உங்களை மூக்கை மூடிக்கச் சொல்லியிருப்பேன். இல்லைன்னா என் பிள்ளையை நானே மடியில வச்சுப் பார்த்திருப்பேன். அதையும்தானே நீங்க பறிச்சுக்கிட்டீங்க."

குமிழி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

செங்கமலம் அப்படியே, கழுவிய நெற்றியோடு, ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் ராஜாவிடம் சொல்லப்போகிறேன் என்றாள். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. உத்தரவை மீறிப் பொட்டில்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த குற்றத்துக்காக அவளை அந்த இடத்திலேயே வேலையிலிருந்து நீக்கினார்கள். நோயாளிகளின் பாதுகாப்பு விஷயத்தில் நிர்வாகம் எந்தச் சலுகையும் காட்டாது என்று நரி சொன்னார். சங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. வேலை போன கீரி சொல்வதைக் கேட்க ராஜாவின் காவலர்கள் வாசலைத் திறக்கவில்லை. மருதம்பூ மாலை அந்த வருடம் மங்களத்தின் கழுத்தில் விழுந்தது.

அடுத்த மழைக்கு முன்னால் மறுபடியும் பானைகள் வந்தன. முள்ளம்பன்றியின் குடிசைக்கு முதல் ஆளாக வந்தவள் செங்கமலம். வேலை இல்லை, வார்டு இல்லை, உத்தரவும் இல்லை. ஆனாலும் தோளைக் காட்டினாள். குத்தி முடித்ததும் பொட்டு வைக்கட்டுமா என்று முள்ளம்பன்றி கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஆற்றங்கரையில் மூச்சு இரைக்கும் ஒரு குட்டிக்கு முதுகு தட்டிவிடத் தாய் அவளை மறுபடி அனுமதித்திருந்தாள், மூக்கை மூடிக்கொண்டு வரும் பட்சத்தில். அவள் முட்டை இடுகிறாளா என்று மங்களம் சில காலம் ஆள் விட்டுப் பார்த்தாள். தகவல் எதுவும் கிடைக்கவில்லை.

இதுதான் கதை. நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் தன்னைக் காத்துக்கொள்வது அந்த நோயாளிக்காகத்தான். காக்காமலே காத்துக்கொண்டதாக நெற்றியைக் காட்டுகிறவர், அந்த நோயாளி தன்னைத் தானே காத்துக்கொள்ள இருந்த ஒரே வழியையும் அடைக்கிறார்.

போன மழையில் முள்ளம்பன்றியை மறுபடி பார்க்க நேர்ந்தது. வயதாகியிருந்தது. ஆனாலும் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, கேட்காமலே முழுக் கதையையும் திரும்பச் சொன்னது. கரடி மடையன், நரி அயோக்கியன், மந்தி வாயாடி, கீரி கோழை என்று ஆளுக்கு ஒரு பட்டம் கொடுத்து முடித்தது. தனக்கு மட்டும் எதுவும் கொடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாக இடித்த இடம் எது என்று அப்போதுதான் புரிந்தது. கேட்டுவிட்டேன்:

"மருந்து உன் பானையில இருந்தது, ஊசி உன் முதுகுல இருந்தது, களிமண் குழைச்சதை நீ பார்த்துக்கிட்டே இருந்தே. அந்த மழைக்கு, நீ போட்டுக்கிட்டியா?"